தேவகனி விளையில் பதினாறு சென்சார்

அருமனையில் ஜெஸ்பினைக் கேலி செய்ய நினைப்பவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வர வேண்டும். தாமதித்தால் அந்த வேலையை அவனே முடித்திருப்பான். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதல் வாய் குடிப்பதற்குள் தன்னைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவான்.

"பதினோரு வருசம் கல்ஃப்ல என்ன வேலடே பாத்த?" என்று ஒருவர் கேட்டால் போதும்.

"கண்ணாடிக்குள்ள நம்பர் ஓடும். ஓடுதான்னு பாப்பேன். ஓடலன்னா வேற ஒருத்தன கூப்பிடுவேன்."

அது பொய்யில்லை. ஐ.டி.ஐ. முடித்ததும் விமானம் ஏறி, ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குள் போனவன் பதினோரு வருடம் அங்கேயே இருந்தான். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கத் திரைகள். குழாய்கள் எல்லாம் வெளியே வெயிலில் கிடந்தன. ஒருநாள் மேலதிகாரி வந்து, "எட்டாம் குழாயில் என்ன போகிறது?" என்று கேட்டார். ஜெஸ்பின் எழுந்து நின்று, "அறுபத்திரண்டு, சார்" என்று பதில் சொன்னான். எது அறுபத்திரண்டு என்று அவனுக்கு அன்றும் தெரியாது. இன்றும் தெரியாது.

முப்பது வயதில் ஊர் திரும்பினான். முதலில் செல்போன் கடை போட்டான். பழுது பார்க்கவும் அவனே உட்கார்ந்ததால் எட்டு மாதத்தில் கடை மூடியது. பிறகு பத்துத் தேனீப் பெட்டி வாங்கினான். தேனீக்கள் ஒரு மாதம் அவனைக் கவனித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. அவற்றின் மேல் தப்பில்லை என்பதுதான் ஜெஸ்பினின் கருத்து. அவன் மனைவி பிரீனாவின் கருத்தும் அதுவே. அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நாற்பத்தொன்றாவதை மேய்ப்பதாகச் சொல்வாள்.

அப்படி இருந்தவனுக்குப் போன வருடம் ஒரு வேலை கிடைத்தது. கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி நாகர்கோவிலில் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு அருமனைப் பக்கம் ஓர் ஆள் தேவைப்பட்டது. மண்ணில் நட்டு வைத்த சென்சார்கள் அனுப்பும் எண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் என்றதும் ஜெஸ்பின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மண் தேவகனியுடையது. ஐம்பதை நெருங்கும் வயது, தனியாள். ஜெஸ்பின் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் அவளுக்கு முப்பது சென்ட் விளை இருந்தது, வீட்டை ஒட்டிய தோட்டம். மரச்சீனி என்கிற மரவள்ளியும் வாழையும் அவள் கையால் வைத்தவை. மேட்டில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு ஆலை இருந்து, பிறகு மூடிக் கிடந்தது. இரண்டு வருடம் முன்னால் ஒரு அடைமழையில் அந்த ஆலையின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உள்ளே கிடந்த அமிலத் தண்ணீர் முழுவதும் இந்த விளை வழியாக இறங்கிப் போயிற்று. வாழை மஞ்சளித்துச் சாய்ந்தது. மரச்சீனி மண்ணுக்குள்ளேயே அழுகியது. அதன் பிறகு அங்கே கோரைப்புல்கூட முளைக்கவில்லை. தேவகனி ஒரு வருடம் அலுவலகங்களுக்கு நடந்தாள். கடைசியில் ஆலைக்காரர்தான் மண்ணைச் சரிசெய்து தர வேண்டும் என்று உத்தரவாகி, வேலை நாகர்கோவில் கம்பெனிக்கு வந்தது.

மேல்மண்ணை வழித்து எடுத்தார்கள். சுண்ணாம்பைப் பரப்பி உழுதார்கள். தொழுவுரம் போட்டார்கள். பிறகு ஐப்பசியில் வரிசைக்கு நாலாகப் பதினாறு சென்சார்களை நட்டார்கள். முழங்கால் உயர வெள்ளைக் குழாய், அதன் நுனி மண்ணுக்குள். அமிலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஏழு என்றால் நடுநிலை, அதற்குக் கீழே போகப்போகப் புளிப்பு. தேவகனியின் மண் நாலில் நின்றது. ஆறு ஆகி அங்கேயே ஒரு மாதம் நிலைத்தால், 'இனி நடலாம்' என்று கம்பெனி கடிதம் கொடுக்கும்.

"கடிதம் இல்லாம நட்டா என்ன?" என்று தேவகனி அன்றே கேட்டாள்.

"நடலாம் அக்கா. ஆனா கிழங்கு முன்ன மாதிரி அழுகும். இன்னொரு வருசம் போவும்."

"அப்போ இந்தக் குழாய் சொன்னாத்தான் நடணும்."

"ஓ. அதனால இதெல்லாம் தென்னம்பிள்ள மாதிரி. நல்லா பாத்துக்கிடுங்க, கேட்டியளா?" என்றான் ஜெஸ்பின், சிரித்துக்கொண்டே.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. சொன்னவன் மறந்துவிட்டான்.

வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சென்சாரும் அமிலம், ஈரம், சூடு, உப்பு என்று நாலு எண் சொல்லும். தேவகனி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்த பெட்டி அவற்றைப் பிடித்து அனுப்பும். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் எண்கள் ஜெஸ்பினின் கணினிக்கு வந்து சேரும். வருபவை ஒழுங்காக வருவதில்லை. ஏழாம் சென்சார் பேட்டரி இறங்கினால் நேரத்தை மறந்துவிடும். விழித்ததும் 1970 ஜனவரி ஒன்று என்று தேதி போட்டு அனுப்பும். ஜெஸ்பினின் அப்பாவுக்கே கல்யாணம் ஆகாத காலத்து ஈரம் அது. பதினோராம் சென்சார் சொன்னதையே மூன்று தடவை சொல்லும், கடையில் கேட்ட செய்தியைக் கொண்டுவருபவர்களைப் போல. மூன்றாம் சென்சாரைக் கோழி கொத்தும். கொத்தும்போதெல்லாம் எண் துள்ளும்.

ஜெஸ்பின் கணினி முன் உட்கார்ந்து, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் வழி கண்டான். தேதியைத் திருத்தினான். மூன்று தடவை வந்ததை ஒன்றாக்கினான். துள்ளலுக்கு, எந்த எண்ணையும் தனியாகக் காட்டாமல் ஏழு நாள் சராசரியாகக் காட்டும் ஒரு விதி எழுதினான். எழுதி முடித்த அன்று பிரீனாவைக் கூப்பிட்டுக் காட்டினான். முன்பு மரவட்டை ஊர்ந்தது போலிருந்த கோடு இப்போது நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"கொள்ளாம். விளையப் போய் பாத்தியளா?" என்றாள் பிரீனா.

"இதுதான் விளை" என்று திரையைக் காட்டினான்.

மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றப் போவான். அப்போது ஒவ்வொரு குழாயின் அடியிலும் சவறு குவித்திருப்பதைப் பார்த்தான். வெயில் படாமல் இருக்கத் தேவகனி காய்ந்த இலைகளைப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, "கொள்ளாம் அக்கா" என்றான். அவ்வளவுதான் விசாரணை. பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்கு, கணினிக்குத் திரும்பிவிடுவான்.

மாசியில் கோடு ஆறைத் தாண்டியது. பங்குனி பிறக்கும்போது ஒரு மாதமாக அங்கேயே நின்றது. ஆய்வகத்துக்கு ஒரு பை மண் வேண்டும் என்றார்கள். குனிய வசதியாக இருந்த ஆறாம் சென்சாரின் அடியிலிருந்து அள்ளி அனுப்பினான். அதுவும் நல்லது என்றே வந்தது. திங்கட்கிழமை கடிதத்தோடு வருவதாகக் கம்பெனி இன்ஜினியர் ரதீஷ் சொன்னான். தேவகனி கடையாலுமூட்டில் இருக்கும் தன் தம்பியிடமிருந்து முப்பது மரச்சீனிக் கம்பு கொண்டுவந்து பலாமர நிழலில் சாய்த்து வைத்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் நடவு. வெட்டிய கம்பு ரொம்ப நாள் தாங்காது. காய்ந்தால் விறகுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ரதீஷ் போன் செய்தான்.

"அண்ணே, அந்தச் சராசரி இல்லாம, சென்சார் மொதல்ல சொன்ன எண்ண அப்படியே அனுப்புங்க. ரிப்போர்ட்ல ரெண்டும் வைக்கணும்."

ஜெஸ்பின் நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தன் விதியை விலக்கிப் பார்த்தான். கோடு காணவில்லை. அந்த இடத்தில் படிக்கட்டு இருந்தது. ஆறு நாள் அசையாத தரை, பிறகு ஒரே தாவலில் ஒரு படி. மறுபடி ஆறு நாள், மறுபடி ஒரு படி. ஒவ்வொரு படியும் சனிக்கிழமை. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல்.

"என்ன, மூஞ்சி வெளிறிப்போச்சு?" என்று பிரீனா வந்து எட்டிப் பார்த்தாள். எந்தச் சென்சார் எத்தனை மணிக்கு ஏறியது என்று அவன் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். முதல் ஐந்து நாலு பத்துக்கு. அடுத்த ஆறு நாலு இருபதுக்கு. மிச்சம் ஐந்து நாலரைக்கு. ஏறிய நேரத்திலேயே ஈரமும் ஏறியிருந்தது.

அவள் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"யாரோ ஒண்ணுலயிருந்து பதினாறு வர நடந்து போறாவ" என்றாள். "வாளியும் கையுமா."

ஒன்பதாயிரம் எண்களை நாள்தோறும் மேய்த்தவன் பார்க்காததை, மழலையர் பள்ளி டீச்சர் பார்த்துவிட்டாள். அந்தப் படிகளை மெழுகிச் சரிவாக்கி ஒளித்து வைத்தவன் அவனேதான். கட்டுப்பாட்டு அறையில்கூட இவ்வளவு பெரிய காரியத்தை அவன் செய்ததில்லை. அங்கே எண்களைப் பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தான்.

மறுநாள் சனி. மூன்றரைக்கே விளைக்குப் போனான். கையில் வைத்துப் பார்க்கும் சின்ன அமில மீட்டரும், அண்டை வீட்டில் கேட்டு வாங்கிய மம்பட்டியும் இருந்தன. நாலு மணிக்குத் தேவகனி அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு கையில் சாம்பல் வாளி, இன்னொரு கையில் அரிசி கழுவிய தண்ணீர்.

"வா மக்கா. இண்ணைக்கு என்ன, வழி தெரிஞ்சுதா?"

"என்னக்கா இது?"

"சாம்பல். ரப்பர் விறகு சாம்பல், நல்ல வீரியம். தென்னம்பிள்ளைக்கு வாராவாரம் வைப்பேனே, அதுமாதிரி இதுக்கும் வைக்கேன். வச்சு, கழுவுன வெள்ளம் ஊத்தி, மேல சவறு போட்டு மூடிருவேன்." முதல் குழாயின் அடியில் சவற்றை ஒதுக்கி ஒரு சிரட்டை சாம்பலைக் கொட்டினாள். "நீதானே சொன்ன, பிள்ள மாதிரி பாத்துக்கணும்னு."

ஜெஸ்பின் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சவற்றுக்கு அடியில் மீட்டரைக் குத்தினான். ஆறு புள்ளி எட்டு. சாம்பல் புளிப்பை முறிக்கும். அதைச் சொல்ல எந்த இன்ஜினியரும் வேண்டாம். அங்கிருந்து ஐந்தடி தள்ளி, யாரும் எதுவும் வைக்காத இடத்தில் வெட்டினான். மம்பட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்துத் தேவகனிக்குச் சிரிப்பு வந்தது.

"எலே, மண்ண வெட்டுதியா, கேக்கு வெட்டுதியா?"

வெட்டிய இடத்தில் மீட்டரைக் குத்தினான். நாலு புள்ளி நாலு. இன்னும் நாலு இடத்தில் வெட்டினான். நாலரைக்கு மேலே எங்கேயும் போகவில்லை. முப்பது சென்ட் விளையில் பதினாறு குட்டி வட்டங்கள் மட்டும் சுகமாக இருந்தன. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஐப்பசியில் இருந்தபடியே இருந்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள். பலாமர நிழலில் கம்புகள் அவளுக்குப் பின்னால் தெரிந்தன.

"பேட்டரி தீந்துட்டு" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டே வந்தான். அன்று மட்டும் அதில் சிரிப்பு வரவில்லை. கோட்டை அப்படியே அனுப்பினால் என்ன? கடிதம் வரும், தேவகனி நடுவாள், கம்பெனிக்குப் பெயர், அவனுக்கு அடுத்த விளை. யாருக்கும் தெரியாது. ஆனால் மரச்சீனி கோட்டைப் பார்த்து வளராது. அதன் வேர் வட்டத்தைத் தாண்டியதும் புளித்த மண்ணைக் கண்டு நின்றுவிடும். பத்து மாதம் காத்திருந்து தோண்டிப் பார்க்கையில் அழுகல் கையில் ஒட்டும். அது அவளுடைய மூன்றாவது வருடமாக இருக்கும்.

பிரீனாவிடம் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"யாரு செஞ்ச தப்பு?"

"நான் செஞ்சது. முழுசும் நான்தான்."

"அப்ப இஞ்ச நிண்ணு எனக்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டதும், வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் போனான். தேவகனி முற்றத்தில் கம்புகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்ட அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதையும் மறைக்காமல் சொன்னான். பேட்டரி பொய் என்பதையும் சொன்னான்.

வெட்டுக்கத்தி அவள் மடியிலேயே இருந்தது.

"அப்ப நான் சாம்பல் வச்சதாலதான் கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. நீங்க வச்ச இடம் நல்லாத்தான் இருக்கு. அத மட்டும் பாத்துட்டு, விளை முழுசும் நல்லாச்சுன்னு சொன்னது நான். நாலு மாசமா வீட்டுல இருந்துக்கிட்டே சொன்னேன்."

"நாலு மாசம்" என்றாள் தேவகனி. "மூணு கிலோமீட்டரு, நாலு மாசம். எனக்க கோழிகூட உன்னவிட நிறைய தடவ அந்தக் குழாயப் பாத்திருக்கும்."

தன்னைப் பற்றி இவ்வளவு சரியாக அவனே ஒருநாளும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை ரதீஷ் வந்தான். கடிதம் அவன் பையில் இருந்தது. ஜெஸ்பின் படிக்கட்டையும் சரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, தோண்டிய குழிகளுக்கும் கூட்டிக்கொண்டு போனான். ரதீஷ் முதலில் கோபப்பட்டான். பிறகு சிரட்டைக் கணக்கைக் கேட்டதும் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு மறுபடி கோபப்பட்டான்.

"ஆய்வகத்துக்கு மண்ணு எங்கேருந்து எடுத்தீங்க அண்ணே?"

"ஆறாம் குழாய் அடியில."

"ஏன் அங்க?"

"குனிய எளுப்பமா இருந்துது."

ரதீஷ் கடிதத்தை வெளியே எடுக்கவில்லை. முதலில் போட்ட சுண்ணாம்பு இந்த மண்ணுக்குப் போதவில்லை, இன்னொரு தடவை போட்டு ஆழமாக உழ வேண்டும், ஆவணி ஆகும் என்றான்.

தேவகனி கேட்டாள்: "சாரே, அந்தப் பதினாறு வட்டத்துலயாவது பதினாறு மூடு மரச்சீனி நட்டுக்கிடட்டுமா?"

ரதீஷ் ஜெஸ்பினைப் பார்த்தான். ஜெஸ்பின்தான் சொன்னான்: "வேண்டாக்கா. வேரு வெளிய போவும்."

"அப்ப இந்தக் கம்பு? ஆவணி வர தாங்குமா? விறகுதான்." அவள் யாரையும் திட்டாமல் அதைச் சொன்னாள். அவனுக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

நல்ல மண் எங்கே இருக்கிறது என்று ஜெஸ்பின் யோசித்தான். தன் வீட்டைச் சுற்றி இருந்தது. நாலு சென்ட், கறுத்த மண், அவன் அப்பா வாழை வைத்த இடம். கல்ஃபிலிருந்து வந்த முதல் வருடமே அதன் மேல் முழுக்கச் சிவப்பும் சாம்பல்நிறமுமாக இன்டர்லாக் கல் பதித்துவிட்டான். நடக்கும்போது சேறு ஒட்டக்கூடாது என்று. கார் நிறுத்தவும் வேண்டும் என்று. காரை இன்னும் வாங்கவில்லை.

"கம்ப நான் கொண்டுபோறேன்" என்றான். "எனக்க வீட்டுல நட்டுக் காப்பாத்துதேன். ஆவணியில அதுலயிருந்து கம்பு வெட்டி இஞ்ச நடலாம்."

"உனக்க வீட்டுல மண்ணு எங்க இருக்கு?"

"கல்லுக்கு அடியில."

அன்று மாலையே கடப்பாரையோடு இறங்கினான். முதல் கல் பெயர அரை மணிநேரம் ஆனது. பிறகு ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது தானாக வந்தது. பிரீனா வாசலில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தான்.

"இந்தக் கல்லப் பதிச்சப்பவே சொன்னேன். அண்ணைக்குச் சராசரியாக் கேட்டிய" என்றாள். பிறகு பெயர்த்த கற்களை மதிலோரம் அடுக்க ஆரம்பித்தாள்.

எல்லாக் கல்லும் பெயர மூன்று நாள் ஆனது. தினமும் காலையில் முதலில் விளைக்குப் போனான். மம்பட்டியோடு, குழாய்களுக்கு நடுவில் எட்டு இடத்தில் வெட்டி, மீட்டர் குத்தி எழுதினான். ஏழு நாள் சராசரி விதியைக் கணினியிலிருந்து அழித்துவிட்டான். கோழி கொத்தினால் இப்போது துள்ளல் அப்படியே தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும். சுண்ணாம்பு மறுபடி வந்து இறங்கியது. நடுவிளையில் எடுத்த எண் இரண்டாம் வாரம் நாலு புள்ளி ஒன்பது. அதை அலங்கரிக்காமல் ரதீஷுக்கு அனுப்பினான்.

வீட்டில் முப்பது கம்பையும் ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, வரிசை பிடித்து, மண் கூட்டி நட்டான். நூற்று எண்பத்து நாலு துண்டுகள். எண்ணாமல் இருக்க அவனால் முடியாது. பத்து நாள் கழித்து, தேவகனி குடையை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்தால் முதல்நாளே வர நினைத்து அடக்கிக்கொண்டிருந்தது போல் இருந்தது.

ஒரு வரிசை முழுக்கத் துளிர் விட்டிருந்தது. அடுத்த வரிசை மொட்டையாக நின்றது. அவள் குனிந்து ஒரு துண்டில் துளிர் வரும் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"எலே ஜெஸ்பினே, இஞ்ச வா. இந்தக் கண்ணப் பாரு. கண்ணு மேல பாத்து நிக்கணுமா, கீழ பாத்து நிக்கணுமா?"

அவன் குனிந்து பார்த்தான். மொட்டை வரிசையில் இருந்த அத்தனை துண்டும் தலைகீழாக நடப்பட்டிருந்தன.

"எத்தன இப்பிடி நட்டிருக்க?"

"நாப்பத்தொண்ணு" என்றான் ஜெஸ்பின், உடனே.

"எண்ணம் மட்டும் சரியாச் சொல்லுவியே!" குடையை மதிலில் சாய்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மண்ணில் உட்கார்ந்தாள். "இரி. பைய இழு. சின்ன வேரு வந்திருந்தா ஒடஞ்சிரும்."

அவன் எதிரே உட்கார்ந்து முதல் துண்டை மெதுவாக இழுத்து, திருப்பி, அவள் தலையசைக்கும்வரை காத்திருந்து, மறுபடி நட்டான்.